மீன் வழக்கை விசாரிக்கும் கொக்கு: மட்டக்களப்பில் உருவாகும் ஒரு பகிடி கேம் பற்றிய நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு வாவியில் பாடும் மீன் திடீரென்று பாட்டை நிறுத்திவிடுகிறது. ஏன் என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு ஒரு கொக்கிடமும் ஒரு ஆட்டிடமும் வந்து சேர்கிறது. மீன் சம்பந்தப்பட்ட வழக்குக்குக் கொக்கைவிடப் பொருத்தமில்லாத ஆள் வாவிக்கரை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது, அது வந்து நின்றாலே சாட்சிகள் எல்லாம் தண்ணிக்குள் மறைந்துவிடும். ஆடு அதைவிட மோசம், கிடைக்கிற தடயத்தை எல்லாம் முதலில் வாயில் வைத்துப் பார்க்கும். கல்லடிப் பக்கத்து இளைஞர்கள் சிலர் செய்துகொண்டிருக்கும் பொயின்ட் அண்ட் கிளிக் கேமின் கதை இதுதான். இந்த வேலையில் என் பங்கு, வாசிகசாலைக்கு வரும் பிள்ளைகள் இதை விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுப்பது. முதல் பதிப்பைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கவேயில்லை, இரண்டாவது பதிப்புக்கு வயிறு குலுங்கச் சிரித்தார்கள். இத்தனைக்கும் கதை, படம், புதிர் மூன்றும் இரண்டிலும் ஒன்றுதான். என்ன மாறியது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

இந்த வகைக் கேம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொன்னால், திரையில் ஒரு இடம் தெரியும், அங்கே இருக்கும் பொருள்களைப் பார்க்கலாம், எடுக்கலாம், ஒன்றை இன்னொன்றில் பாவித்துப் பார்க்கலாம், ஆட்களோடு கதைக்கலாம், புதிர் அவிழ்ந்தால் கதை நகரும். சுடுவது, துரத்துவது எல்லாம் பெரும்பாலும் இல்லை.

குழுவினர் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது 1993இல் லூக்காஸ்ஆர்ட்ஸ் வெளியிட்ட சாம் அண்ட் மக்ஸ் ஹிட் த ரோட். ஸ்டீவ் பர்செல் என்ற ஓவியர் 1987இல் வெளியிடத் தொடங்கிய சித்திரக்கதையில் இருந்து வந்த துப்பறியும் இரட்டையர் அவர்கள். சாம், கோட்டும் தொப்பியும் போட்ட நிதானமான நாய். மக்ஸ், முயல் மாதிரி இருக்கும், ஆனால் முயல்தானா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாத ஒரு வெறிபிடித்த உயிர். ஒரு கார்னிவலில் இருந்து புரூனோ என்ற பிக்ஃபுட்டும் (அமெரிக்கக் காடுகளில் இருப்பதாகக் கதைக்கப்படும் மயிர் அடர்ந்த பெரிய உருவம்) கழுத்து நீண்ட டிரிக்ஸி என்ற பெண்ணும் காணாமல் போக, இவர்கள் அமெரிக்க நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் விசித்திரமான சுற்றுலா இடங்களுக்கெல்லாம் காரில் போய்த் தேடுகிறார்கள். பழைய கேம்தான், ஆனால் கேம் விற்கும் கோக் (GOG) இணையத் தளத்தில் 2014 தொடக்கம் காசு கொடுத்து வாங்கலாம், 2001இல் தொடங்கிய ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருள் மூலம் இன்றைய லப்டொப்பிலும் ஆண்ட்ரொய்ட் போனிலும் ஓடும். ஆகவே எங்கள் பிள்ளைகளுக்கு இதைக் காட்டுவதில் தொழில்நுட்பச் சிக்கல் எதுவும் இருக்கவில்லை.

ஆங்கிலம்தான் சிக்கல். வசனத்தில் முக்கால்வாசி அவர்களுக்கு விளங்கவில்லை. அப்படியிருந்தும் சிரித்தார்கள், அது எங்கெங்கே என்று பார்த்ததில்தான் எனக்கு இந்த ஆய்வுக்கான ஆர்வமே பிறந்தது. உலகத்திலேயே பெரிய நூல் பந்து வந்தபோது ஒரு சத்தமும் இல்லை. வீதியோரம் அப்படி ஒன்றை வைத்துக் காசு வாங்கும் பழக்கம் உள்ள நாட்டில் வளர்ந்தவனுக்குத்தான் அது பகிடி. கொல்ஃப் மைதானக் கட்டத்தில் நிலைமை வேறு. அங்கே தண்ணிக்குள் முதலைகள் கிடக்கும், கொல்ஃப் பந்து வாளியை எடுத்துவிட்டு மீன் வாளியை வைத்து அடித்தால், மீன் விழும் இடத்துக்கு ஒவ்வொரு முதலையாக வந்து நின்று முதுகாலேயே பாதை போட்டுவிடும். வாவியில் முதலை இருக்கிறது என்று சொல்லிக் கேட்டே வளர்ந்த பிள்ளைகளுக்கு இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. தொடக்கத்தில் வரும் பூனைக் கட்டமும் அப்படித்தான், மேலிடத்து உத்தரவு பூனையின் வயிற்றுக்குள் இருக்கும், சாம் மக்ஸை ஏவிவிட்டு அதை எடுப்பார். எல்லாரும் சிரிக்க, ஒரு பிள்ளை மட்டும் பூனை பாவம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் சொன்னது நியாயம் என்றே நானும் நினைக்கிறேன், எங்கள் கேமில் எந்த மிருகத்தையும் நோகடித்துச் சிரிப்பு எடுப்பதில்லை என்று முடிவானதற்கு அவள்தான் காரணம்.

ஆனால் அதிகச் சிரிப்பு வந்தது இந்தப் பெரிய கட்டங்களில் இல்லை. சாம் அண்ட் மக்ஸில் பொருள் பெட்டியைத் திறந்தால் மக்ஸின் முகமும் அதற்குள் இருக்கும். அதாவது கூட்டாளியையே ஒரு பொருளாக எடுத்து எதிலும் பாவிக்கலாம். பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்த நிமிடத்தில் இருந்து புதிரை விட்டுவிட்டார்கள். கதவில் மக்ஸ், குப்பையில் மக்ஸ், வழியில் நிற்பவரில் மக்ஸ். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது, ஆனால் நடக்காததற்கு சாம் ஒரு பதில் வைத்திருப்பார். குரலின் ஏற்ற இறக்கத்திலேயே அது பகிடி என்று தெரிந்துவிடும் (சாமுக்குக் குரல் கொடுத்த பில் ஃபார்மர்தான் டிஸ்னியின் கூஃபிக்கும் குரல் கொடுப்பவர், பழகிய குரல்). "இதுக்கு என்ன சொல்றான் பாப்பம்" என்று கேட்டுக் கேட்டுப் பிழையான இடங்களையே தேடிப் போனார்கள்.

எங்கள் குழுவின் முதல் பதிப்பில் இல்லாமல் போனது இதுதான்.

முதல் பதிப்பில் ஒரே ஒரு இடம், பழைய கல்லடிப் பாலம். 1924இல் கட்டிய இரும்புப் பாலம், 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் வந்த பிறகு ஆட்கள் நின்று வாவி பார்க்கும் இடமாகிவிட்டது, பாடும் மீன் கேட்கும் என்று சொல்லப்படுவதும் அந்தப் பாலத்தடியில்தான். வாட்டர் கலரில் கையால் வரைந்து ஸ்கேன் செய்த படங்கள், உண்மையிலேயே கண்ணை எடுக்க முடியாத வேலை. கொக்கும் ஆடும் கதைக்கும் இடங்களில் நல்ல வசனங்கள் இருந்தன. ஆனால் விளையாடுபவர் எதைப் பிழையாகச் செய்தாலும் ஒரே பதில்: "அது சரிவராது." குழுவைக் குறை சொல்ல முடியாது. பகிடி என்றால் அது உரையாடலில் இருப்பது, பிழையான கிளிக்குக்கு ஒரு வரி போதும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பிள்ளைகள் நாலைந்து தடவை அந்த வரியைக் கேட்டதும் திரையை விட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். "அக்கா, என்ன செய்யணும் சொல்லுங்க." அந்தக் கேள்வி வந்துவிட்டால் விளையாட்டு முடிந்தது, அதன் பிறகு நடப்பது பரீட்சைதான்.

கணக்கைப் பாருங்கள். பாலத்துக் காட்சியில் தொடக்கூடியவை 12. கையில் சேரக்கூடிய பொருள்கள் 8. ஒன்றை ஒன்றில் பாவிக்கும் வழிகள் மட்டும் 96, பார்ப்பது எடுப்பது எல்லாம் அதற்கு மேலே. இதில் கதையை நகர்த்துவது ஐந்தாறு. விளையாடுகிறவர் தன் நேரத்தில் பெரும்பகுதியைப் பிழையிலேயே கழிக்கிறார், அதுதான் இந்த வகைக் கேமின் இயல்பு. அப்படியென்றால் பகிடி எங்கே இருக்கவேண்டும்? ஆள் நிற்கிற இடத்தில். சரியான செயலுக்கு மட்டும் பகிடி எழுதுவது, சந்தையை விட்டுவிட்டு ஆளில்லாத வயலுக்குள் கூத்துப் போடுவது மாதிரி.

இதற்கு முன் நிபந்தனை ஒன்று உண்டு. பிழை செய்தால் தண்டனை இருக்கக்கூடாது. 1980களில் இதே வகையில் சியரா நிறுவனம் செய்த கேம்களில் தவறான இடத்தில் கால் வைத்தால் செத்துவிடுவீர்கள், எடுக்காமல் விட்ட ஒரு பொருளால் வெகுதூரம் போன பிறகு கதை அடைபட்டும் போகலாம். லூக்காஸில் இருந்த ரொன் கில்பர்ட் 1989இல் இதை எதிர்த்து ஒரு கட்டுரையே எழுதினார், 1990இல் வந்த அவருடைய மங்கி ஐலண்ட் ஏறக்குறைய ஆளைக் கொல்லாத, அடைபடாத கேமாக இருந்தது. அந்த வழியில்தான் சாம் அண்ட் மக்ஸும் வருகிறது. பயம் இருக்கும் இடத்தில் ஒருவரும் சும்மா முயன்று பார்க்கமாட்டார்கள், சும்மா முயன்று பார்க்காவிட்டால் பகிடிக்கு வேலை இல்லை.

இங்கேதான் ஆடு பிரச்சினையாகியது. மக்ஸ் மாதிரி ஆட்டையும் எதிலும் ஏவலாம் என்பது குழுவின் ஆசை. ஆனால் ஆடு துடுப்பைத் தின்றுவிட்டால் பாலத்துப் புதிரை அவிழ்க்கவே முடியாது, கேம் அடைபட்டுவிடும். தின்றதைத் திரும்ப எடுக்க ஒரு வழி இருக்கிறது என்று பொடியன்கள் சிலர் மிகுந்த உற்சாகத்தோடு சொன்னார்கள், நல்லவேளை அது எடுபடவில்லை. கடைசியில் வந்த தீர்வு, தேவையான ஒவ்வொரு பொருளையும் ஆடு ஒரு காரணம் சொல்லித் தட்டிக்கழிக்கும், தேவையில்லாததை மட்டும் தின்னும். துடுப்பைக் கொடுத்தால், "பாலை மரம், பல்லுப் போயிடும்." பஸ் டிக்கெட்டைக் கொடுத்தால், "போன முறை தின்டன், கொழும்பு மட்டும் வயித்துக்குள்ள ஆட்டம்." தயிர்ச் சட்டியைக் கொடுத்தால், "சட்டி வேணாம், உள்ளுக்க இருக்கிறதத் தாங்க." மதிலில் இருக்கும் தேர்தல் போஸ்டரை மட்டும் ஒரு சொல் சொல்லாமல் தின்றுவிடும், தின்று முடித்து, "போன முறையும் இவர் நல்ல ருசியா இருப்பன் எண்டுதான் சொன்னவர்." வாசிகசாலையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஐயா எழும்பி வந்து இதை இன்னொருதரம் போடச் சொன்னார்.

கேமைக் காப்பாற்றப் போட்ட கட்டுப்பாடு, கேமின் மிகச் சிரிப்பான பகுதியாக மாறியது. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. காரணத்தோடு மறுக்கிற ஒரு பாத்திரத்துக்கு உடனே ஒரு குணம் வந்துவிடுகிறது. "சரிவராது" என்று சொல்லும்போது பேசுவது கேம், "பல்லுப் போயிடும்" என்று சொல்லும்போது பேசுவது ஆடு.

சரி, 96 சோடிக்கும் யார் எழுதுவது? எல்லாவற்றுக்கும் எழுதத் தேவையில்லை என்று குறிப்புப் புத்தகம் காட்டியது. பிள்ளைகள் செய்யும் பிழைகள் நம்ப முடியாத அளவுக்கு ஒரே மாதிரி. எல்லாரும் எல்லாவற்றையும் ஆட்டுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். எல்லாரும் கொக்கின் அலகை எந்த ஓட்டை கண்டாலும் விடுகிறார்கள். சின்ன வகுப்புப் பொடியன்கள் கையில் கிடைத்ததை எல்லாம் தண்ணிக்குள் போடுகிறார்கள். மின்கம்பத்தை ஏறக்குறைய யாரும் தொடுவதில்லை. ஆகவே எழுத்து வேலை முழுக்க ஆடு, அலகு, தண்ணி மூன்றுக்கும் போனது, மின்கம்பத்துக்கு ஒரு வரி. தண்ணிக்குள் போட்ட பொருளை ஒரு கோபக்கார மீன் திரும்பக் கரைக்குத் தள்ளிவிடும், ஒவ்வொன்றுக்கும் ஒரு திட்டு. பொருள் தொலைவதில்லை, வாவிக்குள் குப்பை போடும் பழக்கத்தையும் யாரும் பிரசங்கம் செய்யாமலே தொட்டாயிற்று. கொக்குக்கு மீனைக் காட்டினால் எப்போதும் ஒரே பதில்தான், "கடமையில இருக்கக்க நான் மீன் பார்க்கிறல்ல", ஆனால் ஒவ்வொரு தடவையும் கழுத்து இன்னும் கொஞ்சம் நீளும். அது வசனமே தேவைப்படாத பகிடி, வரைந்த தம்பிக்குத்தான் பாராட்டு.

பிழையான பதிலுக்குள்ளேயே வழியையும் வைக்கலாம் என்பது அடுத்த படி. அமைதியான நிலாக் காலத்தில் துடுப்பைத் தண்ணிக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பதுதான் பாடும் மீனைக் கேட்கும் பழைய முறை. வயதானவர்களுக்குத் தெரியும், பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. பாலத்துப் புதிரும் அதுதான், துடுப்பை ஆட்டின் காதில் வைக்கவேண்டும். யாரும் முதலில் செய்வது துடுப்பைத் தண்ணியில் பாவிப்பது. முதல் தடவை கொக்கு சொல்லும், "தோணி இல்லாமத் துடுப்புப் போட்டா பாலம்தான் நகரணும்." இரண்டாம் தடவை, "தண்ணிக்குள்ள என்னமோ முணுமுணுக்குது. எனக்குக் காது எங்க இருக்கெண்டே வெளியால தெரியாது." மூன்றாம் தடவை, "எங்கட ஆள்ட காதப் பாருங்க, எவ்வளவு நீளம்." பதில் கண்டுபிடித்த பிள்ளைக்குத் தானே கண்டுபிடித்ததாகத்தான் படும், அப்படிப் படவேண்டும்.

பாட்டு ஏன் நின்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன், விளையாடிப் பார்க்கப் போகிறவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிவிடுங்கள். 1848இல் எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அரச அதிகாரி இங்கே வந்து இந்தச் சத்தத்தைக் கேட்டு எழுதிய காலத்தில் இருந்தே இது மீனா, ஊரி என்ற ஓட்டு நத்தையா என்ற வழக்கு முடியவில்லை. கேமில் ஊரிகள் வேலைநிறுத்தம் செய்கின்றன. காலமெல்லாம் பாடியது தாங்கள், ஆனால் "மீன்பாடும் தேனாடு" என்று பெயர் போவது மீனுக்கு. ஊரிகளின் தலைவிக்கு யாருடைய பேச்சு என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் இருந்து வந்து விளையாடிய பிள்ளை ஒருத்தி இதில் எங்கட வீட்டுப் பேச்சு ஒருத்தருக்கும் இல்லையே என்று கேட்டாள். தலைவியின் வசனங்களை அவளே திருத்தித் தந்தாள், கேமில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் இப்போது அதுதான்.

தமிழ் எழுத்தோடு பட்ட பாட்டைச் சொல்லாமல் இந்த ஆய்வு முழுமையாகாது, ஏனென்றால் எழுத்து உடைந்தால் பகிடியும் உடைகிறது. முதல் பதிப்பு அட்வென்ச்சர் கேம் ஸ்டூடியோவில் செய்தது. கிறிஸ் ஜோன்ஸ் என்பவர் 1990களின் இறுதியில் தொடங்கிய இலவசக் கருவி, இந்த வகைக் கேமுக்கென்றே உள்ளது, நல்ல கருவிதான். ஆனால் அது எழுத்தை ஒவ்வொன்றாக வரிசையில் வைத்துவிடும். யூனிகோடில் "கொ" என்பதன் ஒகரக் குறி ககரத்துக்குப் பிறகுதான் சேமிக்கப்படுகிறது, திரையில் ஒரு பாதி ககரத்துக்கு முன்னால் வரவேண்டும். அந்த இடமாற்றத்தைச் செய்ய, எழுத்தை ஒழுங்குபடுத்தும் ஒரு மென்பொருள் (வடிவமைப்பு இயந்திரம் என்பார்கள்) உள்ளே இருந்தாகவேண்டும், இல்லாவிட்டால் கொக்கு என்ற பெயரே சிதறிப்போகும். குழுவினர் பழைய பாமினி எழுத்துருவுக்குப் போனார்கள். பாமினியில் கொம்பை முதலில், எழுத்தைப் பிறகு என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே தட்டுவதால் படம் சரியாக வந்தது. ஆனால் பாமினியில் ஜகரம் இருப்பது சதுர அடைப்புக்குறியின் இடத்தில், அந்தக் கருவிக்கோ சதுர அடைப்புக்குறி என்றால் அடுத்த வரிக்குப் போ என்று கட்டளை. "ஜீப் வருது" என்ற வரியில் ஜகரம் காணாமல் போய், மிச்சம் கீழே விழுந்து கிடந்தது. கடைசியில் எல்லாவற்றையும் 2023இல் வந்த கோடோ 4க்கு மாற்றினார்கள், அதற்குள் ஹார்ப்பஸ் என்ற வடிவமைப்பு இயந்திரம் இருப்பதால் யூனிகோட் தமிழ் ஒழுங்காக வருகிறது. தமிழில் கேம் செய்ய நினைக்கும் எவரும் கதையை எழுதுவதற்கு முன்னால் "கொக்கு" என்று ஒரு சொல்லைத் தட்டித் திரையில் பார்த்துவிட வேண்டும்.

உரையாடலில் சாம் அண்ட் மக்ஸ் செய்த ஒரு காரியத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அதே 1993இல் வந்த டே ஒஃப் த டென்டக்கிள் வரைக்கும் லூக்காஸ் கேம்களில், நீங்கள் சொல்லப்போகும் வசனம் முழுவதும் கீழே வரிவரியாகத் தெரியும், ஒன்றைத் தெரிவுசெய்தால் பாத்திரம் அதைச் சொல்லும். வாசித்து முடித்த பகிடியைத் திரும்பவும் கேட்டால் யாருக்குச் சிரிப்பு வரும்? சாம் அண்ட் மக்ஸில் வசனம் தெரியாது, சின்னங்கள்தான். கேள்விக்குறி, ஆச்சரியக்குறி, சம்பந்தமில்லாமல் எதையாவது உளற ஒரு ரப்பர் வாத்து. எங்கள் கேமில் வாத்துக்குப் பதிலாகத் தயிர்ச் சட்டி. பிள்ளைகள் எல்லாரும் முதலில் அமுக்குவது தயிர்ச் சட்டியைத்தான். வாசிப்பு மெதுவாக இருக்கும் சின்னவர்களுக்கும் இது லேசாகிவிட்டது, ஒரே நேரத்தில் ஒரு வரி மட்டும் வாசித்தால் போதும். பகிடியின் முடிவுச் சொல் எப்போதும் தனிப் பலூனில் வரவேண்டும் என்ற விதியும் இதிலிருந்து வந்ததுதான், பகிடியின் தொடக்கமும் முடிவும் ஒரே பலூனில் இருந்தால் வேகமாக வாசிக்கிறவன் முந்திச் சிரித்து மற்றவர்களின் சிரிப்பையும் கெடுத்துவிடுகிறான்.

இரண்டாவது பதிப்பை அதே வாசிகசாலையில் வைத்தபோது என்னிடம் வழி கேட்ட பிள்ளைகள் குறைவு. ஒருவருக்கு ஒருவர் காட்டினார்கள். "மறுகா அந்தப் பூமாலையக் குடுத்துப் பாரு" என்று பின்னால் நின்று கத்தினார்கள். ஒரு பொடியன் புதிரை அவிழ்த்து முடித்த பிறகு கேமைத் திரும்ப முதலில் இருந்து தொடங்கினான், இன்னும் ஆட்டுக்குக் கொடுக்காத பொருள்கள் மிச்சம் இருக்கிறதாம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஒரே பொருளை நாலாம் ஐந்தாம் தடவை கொடுக்கும்போது பழைய வரி திரும்ப வருகிறது, அது கேட்டவுடன் முகம் வாடுவதைப் பார்க்கிறேன். குரல் பதிவு வேண்டுமா என்பதிலும் இழுபறி. என் அபிப்பிராயம் வேண்டும் என்பதுதான், ஆங்கிலம் விளங்காத பிள்ளைகளையே சாமின் குரல் சிரிக்கவைத்தது என்றால் எங்கள் பேச்சில் எங்கள் குரல் என்னவெல்லாம் செய்யும். ஆனால் குரல் பதிந்துவிட்டால் பிறகு வரியைத் திருத்துவது கஷ்டம், வரிகளோ ஒவ்வொரு சனிக்கிழமையும் மாறுகின்றன. 2006இல் டெல்டேல் நிறுவனம் இதே சாமையும் மக்ஸையும் சின்னச் சின்னத் தொடர்களாக வெளியிட்ட மாதிரி, ஒரு இடத்துக்கு ஒரு பாகம் என்று வெளியிட்டால் வரிகள் நிலைத்த பாகத்துக்கு மட்டும் குரல் பதியலாம் என்பது இப்போதைய யோசனை.

அடுத்த பாகம் கோட்டையில் நடக்கிறது. போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை, அந்தப் பத்து வருடக் கதையை அங்கே காவலுக்கு நிற்கும் ஒரு கபறக்கொய்யா (பெரிய நீர் உடும்பு) சொல்லப்போகிறது. படங்கள் முடிந்துவிட்டன, புதிர் இன்னும் முடிவாகவில்லை. இந்தமுறை அதற்கு முன்பே பிழையான கிளிக்குகளுக்கான வரிகளைத்தான் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள், பீரங்கிக் குண்டை ஆட்டுக்குக் கொடுத்தால் என்ன என்பதில் இருந்து.